ரக்ஸ்டன் வழக்கு, 1935: தூக்குக்கு அனுப்பியது மண்டையோட்டுப் படமா, பழைய பேப்பரா?

#1 ஓலைச்சுவடி

இந்த வழக்கைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், எந்தக் காணொளியைப் பார்த்தாலும் கதை ஒன்றுதான்: மண்டையோட்டைப் படமெடுத்தார்கள், மனைவியின் போட்டோவை அதன்மேல் வைத்தார்கள், பொருந்தியது, தூக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படம் பொருந்தியது உண்மை. ஆனால் அந்தப் படத்தை எடுப்பதற்கு முன்பே ஆள் கைதாகிவிட்டான். ஸ்காட்லாந்து ஓடையில் கிடந்த சதையை இங்கிலாந்தில் ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பேப்பரும் துணியும்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டாக்டர் பக் ரக்ஸ்டன் பம்பாய்க்காரர், பார்சி. பிறந்த பெயர் புக்தியார் ருஸ்தம்ஜி ஹக்கீம். லங்காஸ்டர் நகரில் 2, டால்டன் சதுக்கம் என்ற முகவரியில் வீடும் கிளினிக்கும். கூட வாழ்ந்தவர் இசபெல்லா. சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை, மூன்று குழந்தைகள் உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மேரி ரோஜர்சன் என்ற இருபது வயதுப் பெண். இசபெல்லாவுக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று ரக்ஸ்டனுக்குச் சந்தேகம். போலீஸ் வரை போன சண்டைகள் முன்பே நடந்திருந்தன.

14 செப்டம்பர் 1935, சனிக்கிழமை. இசபெல்லா பிளாக்பூலில் சகோதரிகளைப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை வாக்கில் காரில் வீட்டுக்குக் கிளம்பினார். கார் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவரையும் மேரியையும் வெளியார் யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கே ரக்ஸ்டன் வேலைக்காரம்மா வீட்டுக்குப் போய் "இன்றைக்கு வர வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்.

29 செப்டம்பர். மொஃபட் ஊருக்கு வடக்கே சுமார் இரண்டு மைலில், கார்லைல்–எடின்பரோ சாலையில் கார்டன்ஹோம் லின் என்ற ஓடைப் பாலம். மேலேயிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெண்ணின் கண்ணில் கீழே ஒரு கை பட்டது. லங்காஸ்டரிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 100 மைல். கடைசியில் சேர்ந்தவை சுமார் 70 துண்டுகள்.

எதில் சுற்றியிருந்தது என்று பாருங்கள்: ஒரு பிளவுஸ், தலையணை உறை, கிழித்த படுக்கை விரிப்பு, குழந்தையின் உடுப்பு, செய்தித்தாள்கள். அந்தச் செய்தித்தாள்களில் ஒன்று 15 செப்டம்பர் தேதியிட்ட 'சண்டே கிராஃபிக்'. அதுவும் நாடு முழுக்கப் போன பதிப்பு இல்லை. மோர்கம் ஊர்த் திருவிழாவின் அழகுராணி செய்தியைச் சேர்த்து, மோர்கம்–லங்காஸ்டர் வட்டாரத்துக்கு மட்டும் அச்சிட்ட தாள். நம் ஊரில் நெல்லை பதிப்பு, கோவை பதிப்பு என்று வருகிறதே, அதைவிடச் சின்ன வட்டம். அந்த வார 'சண்டே கிராஃபிக்' டால்டன் சதுக்கம் 2-ஆம் எண் வீட்டுக்குப் போடப்பட்டிருந்ததைப் பேப்பர் கடைக்காரர் உறுதி செய்தார்.

ஒரே தாளில் இடமும் கிடைத்தது, 15-ஆம் தேதிக்கு முன் அந்த மூட்டை கட்டப்படவில்லை என்ற காலமும் கிடைத்தது. மண்டையோட்டுப் படம் இதில் எதைத் தரும்?

#2 பிணவறை_டாக்டர்

பாதி சரி, பாதி அவசரம். பேப்பர் அந்த வட்டாரத்தைச் சொல்லும். சுற்றப்பட்டிருந்தது யார் என்று சொல்லாது. மூட்டை இன்னார் வீட்டிலிருந்து வந்தது என்று காட்டினாலும், உள்ளே இருப்பது இசபெல்லா என்று காட்டாவிட்டால் வழக்கு நிற்காது.

இந்தக் கேஸில் மருத்துவர்கள் எதிர்கொண்ட சிக்கல் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் ஜான் கிளேஸ்டரும், எடின்பரோவின் உடற்கூறு பேராசிரியர் பிராஷும், சிட்னி ஸ்மித்தும் மேசையில் வைத்துப் பிரித்தபோது, இது எத்தனை பேர் என்பதே தெரியவில்லை. ஆரம்பத்தில் ஓர் ஆண், ஒரு பெண் என்றுகூட எண்ணம் ஓடியது. திசுக் குவியலில் மூன்று மார்பகங்கள் கிடைத்தன. அதோடு அந்த எண்ணம் அடிபட்டது: இரண்டும் பெண்கள். இரண்டு தலை, ஒரே ஒரு முண்டம். மற்ற முண்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பிரிப்பது எப்படி என்றால், மூட்டுக்கு மூட்டுப் பொருத்திப் பார்ப்பதுதான். கழுத்தெலும்பின் ஒரு கணு அடுத்த கணுவில் உட்காரும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. தவறான எலும்பை வைத்தால் ஆடும். பிறகு எக்ஸ்ரே. இளவயதில் எலும்பின் நுனியும் தண்டும் சேராமல் இடையில் ஒரு கோடு தெரியும். மணிக்கட்டு, முழங்கால் இவை இருபதை ஒட்டி மூடிவிடும், தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனை கடைசியில் மூடும். ஞானப்பல் வந்ததா, மண்டையோட்டுத் தையல்கள் எவ்வளவு அழிந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஓர் உடல் இருபதை ஒட்டிய வயது, குட்டை. இன்னொன்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்கலாம் என்ற மதிப்பீடு. இசபெல்லாவுக்கு வயது 34. முதலாவதை 'உடல் 1' என்றும் இரண்டாவதை 'உடல் 2' என்றும் குறித்தார்கள். பின்னால் முறையே மேரி, இசபெல்லா.

அறுத்தவன் ரம்பம் தொடவில்லை. முழுக்கக் கத்திதான், மூட்டு மூட்டாக. தோள், இடுப்பு, முழங்கால் என்று எலும்பில் கீறல் விழாமல் கழற்றியிருக்கிறான். இடுப்பு மூட்டை எலும்பை வெட்டாமல் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். உள்ளே ஒரு குறுந்தசைநார் பந்தைக் குழியோடு கட்டி வைத்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் கோடரியைத் தேடுவான். ரத்தமும் நன்றாக வடிந்திருந்தது, அதாவது செத்த கொஞ்ச நேரத்திலேயே வேலை தொடங்கிவிட்டது.

இனி முக்கியமான விஷயம். அவர் எதை நீக்கினார்?

உடல் 2-இல் மூக்கு இல்லை, காது இல்லை, உதடு இல்லை, கண் இல்லை. பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன. விரல் நுனிகள் கடைசிக் கணுவோடு போயிருந்தன. முழங்காலுக்குக் கீழே சதை வழிக்கப்பட்டிருந்தது. இசபெல்லாவுக்குக் கெண்டைக்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே பருமன், பார்த்தவர்கள் மறக்காத கால். பெருவிரல் மூட்டில் புடைப்பும் இருந்தது, அந்த இடமும் வெட்டப்பட்டிருந்தது.

உடல் 1-இல் கண்கள் இல்லை. மேரிக்கு மாறுகண். முகத்தோல் உரிக்கப்பட்டிருந்தது. மேரிக்கு முகத்தில் புள்ளிகள். முன்கையில் ஒரு திட்டுத் தோல் இல்லை. மேரிக்கு அங்கே பிறவி மச்சம்.

அழித்தவர் மருத்துவர். அடையாளம் எது என்று அவருக்குத் தெரியும், அதனால் அதைத்தான் அழித்தார். வீட்டாரிடம் "உங்கள் பெண்ணுக்கு என்னென்ன அடையாளம்?" என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதி, உடலில் காணாமல் போனவற்றை இன்னொரு பட்டியலாக எழுதிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும். மண்டையோட்டுப் படத்தைவிட எனக்கு இந்த இரண்டு பட்டியல்தான் பயங்கரம்.

#3 சந்தேகி

டாக்டர், அப்படியானால் அது எதிர்மறைச் சான்றுதானே? "இல்லாததால் இவள்" என்பது எந்தக் கோர்ட்டில் எடுபடும்? மூக்கும் காதும் கண்ணும் எந்த உடலிலும் முதலில் அழுகுகிற, மிருகம் கடிக்கிற இடங்கள்.

#4 பிணவறை_டாக்டர்

அழுகினாலும் கடித்தாலும் விளிம்பு கிழிந்திருக்கும், அலை அலையாக இருக்கும். கத்தி பட்ட விளிம்பு நேர்கோடு. அதுவும் விரலின் கடைசிக் கணுவை எலியோ நரியோ மூட்டில் அளவாகக் கழற்றாது.

இருந்தாலும் கேள்வி நியாயம்தான். அந்தப் பட்டியலை மட்டும் நம்பி யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. எஞ்சியவையும் இருந்தன. இரண்டு உடலின் இடது பாதத்துக்கும் அச்சு வார்த்து, இருவரின் காலணிக்குள் நுழைத்துப் பார்த்தார்கள். ஒன்றின் பாதம் மேரியின் ஷூவில் உட்கார்ந்தது, மற்றது இசபெல்லாவின் ஷூவில். மாற்றிப் போட்டால் சேரவில்லை. பிளாஸ்டர் அச்சு விறைப்பாக இருப்பதால் ஷூவுக்குள் போகாது, அதனால் வளையக்கூடிய ஜெலட்டின் கலவையில் வார்த்தார்கள். அம்மை ஊசி குத்திய தழும்பு நான்கும் மேரி எனக் கருதப்பட்ட கையில் அப்படியே இருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை.

#5 புழுப்பூச்சி

புழுவை விட்டுவிட்டீர்களே!

கிளாஸ்கோவின் அலெக்ஸாண்டர் மேர்ன்ஸ் உடல்களிலிருந்து எடுத்த புழுக்களைப் பார்த்து அவை நீல ஈ வகை என்றும், மூத்தவை ஏறக்குறைய 12 முதல் 14 நாள் என்றும் சொன்னார். கண்டெடுத்த நாளிலிருந்து பின்னால் எண்ணினால் செப்டம்பர் 15 முதல் 17 பக்கம் வரும். பிரிட்டனில் புழு வயதை வைத்துக் காலம் சொல்லி, அது வழக்கில் நின்ற ஆரம்பக் கேஸ்களில் இது ஒன்று.

ஆனால் இதை ஊதிப் பெருக்காதீர்கள். புழு சொல்வது ஈ முட்டையிட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதை. செத்து எத்தனை நாள் என்பது வேறு கணக்கு. உடல் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்திருந்தால், துணியில் இறுக்கச் சுற்றியிருந்தால், இரவில் போட்டிருந்தால் ஈ தாமதமாகத்தான் வரும். ஈ இருட்டில் முட்டையிடுவது அரிது, கொட்டும் மழையில் பறக்காது.

வயது பார்ப்பது இப்படி: புழுவின் பின்பக்கத்தில் மூச்சுத்துளைத் தகடு இரண்டு இருக்கும். அதில் பிளவு இரண்டு என்றால் இரண்டாம் பருவம், மூன்று என்றால் மூன்றாம் பருவம். பிறகு நீளம். பிறகு அந்த ஊர் வெப்பநிலை. இதில்தான் கோளாறு வரும். செப்டம்பர் ஸ்காட்லாந்துக் குளிரில் பன்னிரண்டு நாள் ஆகிற வளர்ச்சியை, சென்னை வெயிலில் நம் ஊர் பச்சை ஈ நாலைந்து நாளில் முடித்துவிடும். மேர்ன்ஸ் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் ஏழெட்டு நாள் தப்பாகப் போகும். இன்னொன்று, புழுக்கள் குவியலாகத் தின்னும்போது அந்தக் குவியலின் உள்சூடு வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கூடும். வானிலை ஆபீஸ் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

எடுக்கும்போது நடக்கிற தப்பு: உயிரோடு அப்படியே ஸ்பிரிட்டில் போடுவார்கள், புழு சுருங்கிக் கறுத்துவிடும், நீளம் குறைந்து வயதும் குறைவாகத் தெரியும். கொதிக்கப் போகிற சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம், பிறகு 80 சதவீத ஆல்கஹால். ஃபார்மலின் வேண்டாம், விறைத்துவிடும். பாதியை உயிரோடு ஈரல் துண்டில் வளர்த்து ஈ ஆக்கினால்தான் எந்த இனம் என்று சத்தியம் செய்ய முடியும்.

#6 ஓலைச்சுவடி

புழுவோடு வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 18, 19 வாக்கில் அந்தப் பக்கம் நல்ல மழை, ஓடை கரைபுரண்டது. துண்டுகள் சாதாரண நீர்மட்டத்துக்கு மேலே கரையில் ஒதுங்கிக் கிடந்தன. வெள்ளம் வடிந்த பிறகு போட்டிருந்தால் அங்கே போயிருக்காது. ஆக 15-க்குப் பின், 19-க்கு முன். பேப்பர் ஒரு பக்கம் கதவைச் சாத்தியது, ஓடை மறுபக்கம். புழு இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது.

17-ஆம் தேதி செவ்வாய் மதியம் ரக்ஸ்டனின் கார் கெண்டல் ஊரில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. சைக்கிள்காரர் நம்பரைக் குறித்துக்கொண்டார், வழியிலேயே போலீஸ் மடக்கியது. கெண்டல் எங்கே இருக்கிறது? மொஃபட்டிலிருந்து கார்லைல், பென்ரித் வழியாக லங்காஸ்டருக்கு வரும் சாலையில்.

#7 சந்தேகி

அதே சாலையில் அன்று ஆயிரம் கார் போயிருக்கும்.

#8 கறுப்பு_கவுன்

போயிருக்கும். ஆனால் அந்த ஆயிரம் காரின் சொந்தக்காரர்கள் வீட்டில் இரண்டு பெண்கள் காணாமல் போகவில்லை.

ரக்ஸ்டனின் வக்கீல் பிர்கெட்டுக்கு என்ன வழி இருந்தது என்பதை விளக்குகிறேன். 2 மார்ச் 1936-இல் மான்செஸ்டர் அசைஸஸ் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. நீதிபதி சிங்கிள்டன், அரசுத் தரப்பில் ஜாக்சன், எதிர்த்தரப்பில் நார்மன் பிர்கெட். உடல்கள் ஸ்காட்லாந்தில் கிடைத்தும் வழக்கு ஏன் இங்கிலாந்தில் என்று பலர் கேட்கிறார்கள். கொலை நடந்த இடம் லங்காஸ்டர் வீடு என்பதே அரசுத் தரப்பின் வழக்கு. போட்ட இடம் எதுவாக இருந்தாலும் கொன்ற இடம்தான் கணக்கு.

முதலில் கைதானது மேரி கொலைக்காக, 13 அக்டோபர் காலை, விடியவிடிய விசாரித்த பிறகு. இசபெல்லா கொலைக் குற்றச்சாட்டு நவம்பரில்தான் சேர்ந்தது. ஆனால் ஜூரியின் முன் போனது இசபெல்லா கொலை மட்டும். ஒரு குற்றப்பத்திரிகையில் ஒரு கொலைதான் என்பது அன்றைய அங்கத்திய வழக்கம். இரண்டில் எது வலுவானதோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உடல் 2-இல் சாவின் காரணம் தெரிந்தது: தொண்டையின் நாவடி எலும்பு உடைந்திருந்தது, மூச்சுத் திணறலின் குறிகள் இருந்தன. மேரியின் தலையில் அடிபட்டிருந்தது, ஆனால் முண்டமே இல்லாதபோது சாவுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

பிர்கெட் தன் தரப்பில் நிறுத்திய ஒரே சாட்சி ரக்ஸ்டன். "ஏன் எதிர் நிபுணரைக் கூப்பிடவில்லை, சோம்பேறித்தனமா?" என்று ஒரு காணொளியில் கேட்டிருந்தார்கள். இல்லை ஐயா, கணக்குப் போட்ட முடிவு. 1898 சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் சாட்சி சொன்னால் கடைசிப் பேச்சு எதிர்த்தரப்புக்கு. வேறு சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் அரசு வக்கீல் கடைசியாகப் பேசுவார். கிளேஸ்டரையும் பிராஷையும் மறுத்துச் சொல்ல வலுவான நிபுணர் கிடைக்காதபோது, அரைகுறை ஆளை ஏற்றி அடிவாங்குவதைவிட, ஜூரியிடம் கடைசி வார்த்தை நம்முடையதாக இருப்பது மேல். நல்ல வக்கீல் யாரும் அதையே செய்திருப்பார்.

கெடுத்தது கட்சிக்காரர். கூண்டில் ரக்ஸ்டன் அழுதார், கத்தினார், நீளநீளமாகப் பேசினார். வேலைக்காரம்மா சொன்னது பொய், இவர் சொன்னது பொய், அவர் சொன்னது பொய் என்று வரிசையாக மறுத்தார். பத்துப் பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், தனித்தனியாகப் பொய் சொல்லி எல்லாப் பொய்யும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் ஜூரி யாரை நம்பும்?

#9 தறிமேடை

விரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மூட்டையைச் சுற்றியிருந்த கிழிந்த பருத்தி விரிப்பும், இசபெல்லாவின் கட்டிலில் இருந்த விரிப்பும் ஒரே தறியில் நெய்தவை என்று துணி நிபுணர் சாட்சி சொன்னார். கரையில் ஒரே நெசவுப் பிழை இரண்டிலும் இருந்தது. தறி தெரியாதவர்கள் இதைக் கேட்டு "பிழை எல்லாத் துணியிலும் வரும்" என்பார்கள். வரும், ஆனால் பிழை இரண்டு சாதி.

குறுக்கே ஓடும் ஊடை நூலில் வரும் பிழை அந்தந்த இடத்தோடு போய்விடும். ஊடையைக் கொண்டுபோகும் நாடா வரும்போது நூல் அறுந்தது, ஒரு வரி காலியானது, அவ்வளவுதான். அடுத்த முழத்தில் இருக்காது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் வரும் பிழை அப்படி இல்லை. பாவு பூட்டும்போது ஒவ்வோர் இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும். ஒரு பல்லில் இரண்டு போக வேண்டிய இடத்தில் மூன்று போனாலோ, ஒன்று விட்டுப்போனாலோ, அந்தப் பாவு தீரும்வரை, எத்தனை நூறு கெஜம் நெய்தாலும், அதே இடத்தில் அதே கோடு விழுந்துகொண்டே இருக்கும். கரையில் நூல் நெருக்கமாக இருப்பதால் அங்கே வந்தால் சட்டென்று தெரியாது, தணிக்கை ஆளும் விட்டுவிடுவார்.

எனவே கரைப்பிழை ஒத்துப்போனால் ஒரே பாவு, ஒரே தறி என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பாவில் எத்தனை விரிப்பு வெட்டினார்களோ அத்தனையிலும் அந்தப் பிழை இருக்கும். ஆகவே "இது அந்தக் கட்டிலின் ஜோடி விரிப்புதான்" என்று சத்தியம் செய்ய முடியாது. "ஜோடியாக இருக்க எல்லா நியாயமும் உண்டு" என்பதே எல்லை. எதிர்த்தரப்பு பிடித்திருக்க வேண்டிய நூல் அதுதான்.

#10 ஓலைச்சுவடி

தறிமேடை அண்ணே, இது எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு. பிளவுஸில் அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டைத் தைத்தது தான்தான் என்று மேரியின் மாற்றாந்தாய் அடையாளம் சொன்னார். குழந்தை உடுப்பில் இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு முடிச்சு. ரக்ஸ்டன் குடும்பம் விடுமுறைக்குத் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, குழந்தைகளுக்குக் கொடுத்த பழைய உடுப்பு அது, முடிச்சு நான் போட்டது என்றார். தன் கைத்தையலும் தன் கைமுடிச்சும் ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் போகுமா? குறுக்கு விசாரணையில் பேராசிரியரை மடக்கலாம். இவர்களை மடக்கிப் பாருங்கள்.

#11 சந்தேகி

சரி, துணி வரை ஒப்புக்கொள்கிறேன். மண்டையோட்டுப் படத்துக்கு வருவோம். யாராவது அதன் உண்மையான பலத்தைச் சொல்லுங்கள்.

#12 பிணவறை_டாக்டர்

அதன் பலம் விலக்குவதில்தான்.

பிராஷ் செய்த வேலையைப் பார்ப்போம். இசபெல்லாவின் ஸ்டூடியோ படம் ஒன்று இருந்தது, தலையில் ஓர் அலங்காரக் கிரீடத்தோடு. படத்தில் தலை எத்தனை மடங்கு சிறிதாகியிருக்கிறது என்று தெரியாமல் மண்டையோட்டை அளவாகப் பெரிதாக்க முடியாது. அந்தக் கிரீடத்தையே வரவழைத்து, அதைப் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு அளவைப் பிடித்தார்கள். இதுதான் அவரது கெட்டிக்காரத்தனம். அதன் பிறகு மண்டையோட்டைப் படத்தில் முகம் திரும்பியிருந்த அதே கோணத்தில் நிறுத்தி எடுத்து, இரண்டின் கோட்டு வரைபடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள்.

பார்க்க வேண்டிய புள்ளிகள்: மூக்கின் வேர், கண்குழியின் வெளிவிளிம்பு, கன்ன எலும்பு, மூக்குத் துளையின் அடி, மேல்பல் வரிசை, முகவாய் முனை. ஒவ்வோர் இடத்திலும் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையின் கனம் வேறு. நெற்றியில் சில மில்லிமீட்டர், கன்னத்தில் அதைவிடப் பல மடங்கு. கோடு சதைக்குள் விழ வேண்டும், வெளியே போகக் கூடாது.

கெடுவது எங்கே? கேமரா தூரத்தில். ஒரு முகத்தை நாலடியிலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். பழைய படத்தை எத்தனை அடியிலிருந்து எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? தலை நாலைந்து டிகிரி திரும்பினாலும் பொருந்தாதது பொருந்தும், பொருந்துவது பொருந்தாமல் போகும். பார்ப்பவருக்கு "இது இசபெல்லா" என்று முன்பே தெரியும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. கோணத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் பொருந்தும்.

ஆனால் பொருந்தவே முடியாத மண்டையோடு பொருந்தாது. இங்கே அதுதான் வேலை செய்தது. மண்டையோடு 1 இசபெல்லாவின் முகத்துக்குப் பொருந்தவில்லை, மண்டையோடு 2 மேரியின் முகத்துக்குப் பொருந்தவில்லை. திருப்பிப் போட்டால் இரண்டும் அமர்ந்தன. இரண்டு பேர், இரண்டு மண்டையோடு என்று இருந்ததால் ஒன்று மற்றதற்குச் சோதனை ஆனது. ஒரே உடல் கிடைத்திருந்தால் இந்தப் படத்துக்கு இத்தனை எடை கொடுத்திருக்க மாட்டேன்.

#13 கறுப்பு_கவுன்

பிர்கெட் அந்தப் படங்களை ஏற்கக் கூடாது என்று ஆட்சேபித்தார், நீதிபதி அனுமதித்தார். நம் நாட்டில் 1963-இல் ராம்லோசன் அஹீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட மேற்பொருத்தல் படத்தை சாட்சியச் சட்டம் 9-ஆம் பிரிவின் கீழ் ஏற்கலாம் என்றது. இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 7-ஆம் பிரிவு. ஏற்பது வேறு, அதை மட்டும் வைத்துத் தண்டிப்பது வேறு. மற்றவற்றுக்குத் துணை நிற்கும், தனியாக நிற்காது.

'சந்தேகி' கேட்டதற்கும் அதே பதில்: சூழ்நிலைச் சான்று வழக்கில் ஒவ்வொரு கண்ணியும் நிரூபணமாக வேண்டும், எல்லாம் சேர்ந்து வேறொரு ஊகத்துக்கு இடமில்லாமல் மூட வேண்டும். 1984 சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பின் ஐந்து விதிகளை ரக்ஸ்டன் மேல் வைத்துப் பாருங்கள், தாங்கும்.

#14 புழுப்பூச்சி

கைரேகை? உடல் 2-இல் விரல் நுனியே இல்லை என்றீர்கள்.

#15 பிணவறை_டாக்டர்

உடல் 2-இல் இல்லை. உடல் 1-இன் விரல் நுனிகளை அவர் தொடவில்லை. ஏன் என்று ஊகிக்கலாம்: இரவு முழுக்க வேலை, தன் கையிலேயே வெட்டு, நேரமில்லை.

ஆனால் தண்ணீரில் ஊறி மேல்தோல் உரிந்துபோயிருந்தது. கிளாஸ்கோ கைரேகைப் பிரிவின் பெர்ட்டி ஹாமண்ட் அதற்குக் கீழே இருக்கும் உள்தோலிலிருந்து ரேகை எடுத்தார். மேல்தோலின் ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே உள்தோலில் சிறு முளைகள் இரண்டு வரிசையாக நிற்கும். அதனால் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு மாதிரி தெரியும். பழக்கமில்லாதவர் கோடுகளை எண்ணினால் இரண்டு மடங்கு எண்ணிவிடுவார். மேடு தாழ்வாக இருப்பதால் மையும் சரியாக ஒட்டாது. இத்தனையும் தாண்டி, டால்டன் சதுக்க வீட்டில் மேரி துடைத்து வைத்த பொருட்களில் இருந்த ரேகையோடு அது ஒத்துப்போனது. பிரிட்டனில் உள்தோல் ரேகையைக் கோர்ட்டில் காட்டியது அதுதான் முதல் முறை என்பார்கள்.

#16 ஓலைச்சுவடி

இப்போது என் பக்கம் இன்னும் பலப்படுகிறது என்று நினைக்கிறேன். கவனியுங்கள், அக்டோபர் 9 வரை, மொஃபட் பகுதியைப் பார்க்கும் டம்ஃப்ரீஸ் போலீஸுக்கு லங்காஸ்டர் ஞாபகமே இல்லை. 'டெய்லி ரெக்கார்ட்' பத்திரிகையில், லங்காஸ்டர் டாக்டர் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் காணோம் என்ற செய்தியைத் தலைமைக் காவலதிகாரி பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த 'சண்டே கிராஃபிக்' தாளுக்கு அர்த்தம் வருகிறது. காணாமல் போனதாகப் புகார் கொடுத்தது யார்? மேரியின் பெற்றோர். அவர்களை ரக்ஸ்டன் தடுக்கப் பார்த்தார். மேரி கர்ப்பம், என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்று சொன்னார். பெண்ணைப் பெற்றவர்கள் அதை நம்பி வாயை மூடியிருந்தால் அந்தத் தாள் இன்னும் சில மாதம் தாளாகவே இருந்திருக்கும்.

வீட்டு ரத்தம் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையே தன்னிடம் வைத்தியம் பார்க்கும் தம்பதியைக் கூப்பிட்டு மாடிப்படியைத் தேய்க்கச் சொன்னார். கை வெட்டுக்குச் சொன்ன காரணம், பீச் பழ டின்னைத் திறக்கும்போது கிழித்தது. ரத்தக்கறை படிந்த கம்பளத்தையும் தன் சூட்டையும் அவர்களுக்கே இனாமாகக் கொடுத்தார்! அந்தம்மா கம்பளத்தில் இருபது முப்பது வாளி தண்ணீர் ஊற்றியும் சிவப்பாகவே வந்தது. மறுநாளே வந்து, சூட்டில் உள்ள பெயர்த் துணியை வெட்டி எரித்துவிடுங்கள் என்றார். சதையிலிருந்து மச்சத்தை நீக்கத் தெரிந்தவருக்கு, தன் ஊர்ப் பேப்பரில் சுற்றக் கூடாது என்று தோன்றவில்லை.

#17 சந்தேகி

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். ஜூரி எவ்வளவு நேரம் எடுத்தது?

#18 கறுப்பு_கவுன்

பதினொரு நாள் விசாரணை. 13 மார்ச் 1936 அன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். குற்றவாளி. ஏப்ரல் 27-இல் மேல்முறையீடு தள்ளுபடி. லங்காஸ்டர்க்காரர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் கருணை மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழைகளுக்கு நல்ல டாக்டர் என்ற பெயர் கடைசிவரை இருந்தது. 12 மே அன்று மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் தூக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கைப்பட எழுதிய வாக்குமூலம் பத்திரிகையில் வந்தது. தேதி 14 அக்டோபர் 1935, கைதான மறுநாள். ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றேன், மேரி அங்கே இருந்தாள், அவளையும் கொல்ல வேண்டியதாயிற்று என்பதே சாரம். ஐந்து மாதம் கழித்துக் கூண்டில் ஏறி எல்லோரும் பொய்யர்கள் என்றபோது, அந்தக் காகிதம் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

#19 தறிமேடை

ரக்ஸ்டன் வீட்டுக் குளியல் தொட்டி எங்கே போனது? கிளாஸ்கோவுக்குக் கழற்றிக் கொண்டுபோனார்கள் என்று படித்தேன்.

#20 ஓலைச்சுவடி

ஆமாம், சோதனைக்காகக் கழற்றினார்கள். பிறகு அது லங்காஷயர் போலீஸிடமே போய்ச் சேர்ந்தது. குதிரைப்படைக் குதிரைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியாகப் பல வருடம் இருந்தது.